தெரிந்த ஆக்கள்தானே

அன்புள்ள மகளுக்கு,

வன்னிப் பிள்ளைகளின் படிப்புக்குக் காசு சேர்க்க ஹரோவில் கலைவிழா வைக்கிறீர்களாம், நீதான் செயலாளராம் என்று அம்மா சொன்னாள். சந்தோசம். நாற்பது பிள்ளைகள் மேடை ஏறுகினம் என்றதும்தான் எனக்கு நித்திரை போனது.

பிள்ளைகள் மேடை ஏற உரிமம் எடுத்தாயா என்று போனில் கேட்டதற்கு, "நாலு நாள் விதி இருக்கு பெரியம்மா, உரிமம் தேவையில்லை" என்றாய். மெய்தான். 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி, முந்திய ஆறு மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் மேடை ஏறாத, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்காத, காசு வாங்காத பிள்ளைக்கு அது வேண்டாம். ஆனால் எங்கட பிள்ளைகள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஏதோவொரு சங்கத்தின் விழாவில் ஆடுதுகள். அந்தக் கணக்கை யார் எண்ணிப் பார்த்தது? கவுன்சிலுக்கு இன்றைக்கே எழுது. உரிமம் எடுக்க வேண்டி வந்தால் 21 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேணும், பிந்தினால் மறுத்துவிடலாம். உரிமத்தோடு ஆடும் பிள்ளைகளில் 12 பேருக்கு மேல் ஒரு பொறுப்பாளர் பார்க்கக் கூடாது. உரிமம் வேண்டாம் என்று வந்தாலும் அதே கணக்கை வைத்துக்கொள். நாற்பதுக்கு நாலு பேர்.

மற்ற அலுவல்களை நீ வடிவாகச் செய்வாய். எனக்கு உடுப்பு மாற்றும் அறையில்தான் கண்.

உன்ர பச்சைப் பாவாடை நாளை நீ மறந்திருக்க மாட்டாய். சலங்கையும் கழற்றாமல், ஆறு வயதில் பின்கதவுப் படியில் தனியே இருந்தாய். முன்னால் விழாவுக்குப் படம் எடுக்க வந்தவர், கமராவோடு. ஏன் இந்தப் பிள்ளை இங்கே என்று கேட்டேன். சங்கத் தலைவர் வந்து, "தெரிந்த ஆக்கள்தானே அக்கா" என்று சிரித்தார். அன்றைக்கு நான் விட்டதுதான் சங்கத்தின் செயற்குழு. அம்மா இன்னமும் நான் அவசரப்பட்டேன் என்றுதான் சொல்கிறாள். சொல்லட்டும்.

2002இல் சோஹம் ஊரில் பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கொன்றவனும் தெரிந்தவன்தான். அவர்களின் வகுப்பு உதவி ஆசிரியையின் துணைவன். பொலிஸ் சோதனை தாண்டி வந்துதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தைப் பராமரித்தான். ஆனபடியால் டிபிஎஸ் என்ற குற்றப்பதிவுச் சோதனைத் தாளைக் காட்டினார்கள் என்று நீ ஆறுதல்படாதே. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியே நிற்கக் கூடாது. தாய் தகப்பன் கையெழுத்து வைக்காமல் படம் கூடாது, அறைக்குள் கமராவே கூடாது.

இந்தமுறையும் படம் எடுக்க அன்றைக்குக் கமராவோடு நின்றவரைத்தான் கேட்டிருக்கிறாயாம். அவரை நான் ஒரு குற்றமும் சொல்லவில்லை. முடிவு உன்ர கையில். நானென்றால் கேட்டிருக்க மாட்டேன். லண்டனில் படம் எடுக்க வேறு ஆளா இல்லை?

கோவிக்காதே பிள்ளை. எங்கட குடும்பத்தில் உன்னைப்போலக் கெட்டிக்காரி ஒருத்தியும் இல்லை, உன்ர கொம்மாவும் நானும் சேர்ந்தாலும் இல்லை. இருநூறு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வாறேன், காசு கதைக்காதே. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்த என்ர டிபிஎஸ் கையில் இருக்கிறது. உடுப்பு மாற்றும் அறை வாசலில் எனக்கும் இன்னொருவருக்குமாக இரண்டு கதிரை போட்டுவை.

அன்புடன்,
பெரியம்மா