கருவிற் புகும் நஞ்சு

கோவில்பட்டியைச் சூழ்ந்த நிலம் கரிசல். கோடையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை பெய்ததும் களியாகிக் காலைப் பற்றும். ஆற்றுப் பாசனம் அரிதான இம்மண்ணில் பருத்தி மானாவாரியாக விளைகின்றது. கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தி இந்நிலத்தின் பழஞ்செல்வம். 1901-இல் இங்கு நிறுவப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அதன் திருந்திய வகைகளை உழவர்க்கு அளித்தது.

கருங்கண்ணி வறட்சியையும் பூச்சியையும் ஓரளவு தாங்கும். நீண்ட இழை தரும் அமெரிக்க இனத்திற்கு அத்திறன் குறைவு. அவ்வினம் நம் நாட்டிற் பரவப் பரவ, காய்ப்புழுவைக் கொல்லும் மருந்துத் தெளிப்பும் பெருகிற்று. டி.டி.டி., எண்டோசல்ஃபான் முதலியன அவ்வாறு பருத்திக் காடுகளிற் புகுந்தவை. (புன்செய் நிலத்தைக் காடு என்பது கரிசல் வழக்கு.) பருத்தி எடுத்து முடிந்த காட்டில் ஆடுகள் மேயும், அவற்றுட் சினையாடுகளும் உண்டு. நஞ்சுண்ட ஆடு இறந்தால் உடையவன் அறிவான். இறவாமல் நடமாடினால், தீங்கில்லை என்று எண்ணுவான். அவ்வெண்ணம் பிழைபடும் இடம் ஒன்று உண்டு. அது தாயின் வயிறு.

உடலிலுள்ள நாளமில்லாச் சுரப்பிகள் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அவை குருதி வழியே சென்று உறுப்புகளுக்கு ஆணை கூறும். அரசனின் முத்திரை ஓலையைக் கொண்டு செல்லும் தூதரைப் போன்றவை. வளர்ந்த உயிரிடத்து அவ்வாணை வந்து வந்து மறையும். கருவிலோ, குறித்த சில நாள்களில் வரும் ஆணையைக் கொண்டே மூளையின் அமைப்பு வகுக்கப்படுகின்றது. அது பின்னர் மாறுதல் அரிது.

இதனைத் தெளிவுறக் காட்டியவர், அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்து ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங் என்னும் நால்வர். 1959-இல் அவர்கள் சினையுற்ற கினிப்பன்றிகளுக்கு ஆண் ஹார்மோனைச் செலுத்தினர். (பெயரிற் பன்றி எனினும் அது எலியைப் போலக் கொறித்துண்ணும் சிறு விலங்கே.) பிறந்த பெண்குட்டிகள் பருவம் எய்தியபோது பெண்ணுக்குரிய இயல்பு குன்றி, ஆணுக்குரிய போக்கை மேற்கொண்டன.

அது மெய்யான ஹார்மோன். டி.டி.டி.யின் ஒரு வடிவமோ பொய்முத்திரை இட்ட ஓலை. அது பெண் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும்; உடல் வேறுபாடு அறியாது அதற்கும் பணிந்துவிடும். கொழுப்பிற் கரைந்து தங்கும் இயல்புடைய அந்நஞ்சு, தாயின் குருதி வழியாகக் கருவை அடைகின்றது.

இதன் விளைவை வாம் சால், பலன்சா முதலிய அறிஞர் சுண்டெலிகளிடம் ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டனர். சுண்டெலியின் சூல்காலம் ஏறத்தாழ 19 நாள். அதில் 11-ஆம் நாள் முதல் 17-ஆம் நாள் வரை தாய்க்கு டி.டி.டி. அல்லது மெத்தாக்சிகுளோர் ஊட்டப்பட்டது. ஆண் சுண்டெலியைப் புதிய இடத்தில் விட்டால், ஆங்காங்கே சிறுநீர்த் துளி இட்டு, 'இவ்விடம் எனது' என அறிவிக்கும். வேலி நட இயலாத உயிர்க்கு அதுவே வேலி. மருந்துண்ட தாய் ஈன்ற ஆண்கள், வளர்ந்தபின், ஏனையவற்றினும் மிகுதியாகக் குறியிட்டன. தாய் உண்ட ஏழு நாள் உணவு மகனின் இயல்பைத் திருப்பிவிட்டது!

பறவைக்குக் கருப்பை அதன் முட்டை. கலிபோர்னியாக் கரையை அடுத்த சாந்தா பார்பரா தீவில், ஆணின்றிப் பெண் கடற்காக்கைகளே இரண்டிரண்டாகக் கூடி அடைகாத்ததை ஆய்வாளர் 1977-இல் அறிவித்தனர். அக்கடற்பகுதியில் டி.டி.டி. ஆலையின் கழிவு கலந்திருந்தது. 1981-இல் ஃப்ரை, டூன் என்போர் கடற்காக்கை முட்டைகளில் டி.டி.டி.யைச் செலுத்த, ஆண் கருக்களிற் பெண்ணுறுப்பின் கூறுகள் தோன்றின. அத்தகைய ஆண்கள் இணை சேராது ஒதுங்கியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

எலியிற் கண்டதை ஆட்டிற்கும் மனிதர்க்கும் அப்படியே ஏற்றிக் கூறுதல் அறிவியல் ஆகாது. சூல்காலமும் வேறு, உட்கொள்ளும் அளவும் வேறு. ஆயினும், ஹார்மோன் கருவை வகுக்கும் முறை பாலூட்டிகளுக்குப் பெரும்பாலும் பொது. இந்திய வேளாண்மையில் டி.டி.டி. 1989-இல் விலக்கப்பட்டது, எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் தடுத்தது. டி.டி.டி.யோ மண்ணில் ஆண்டுக்கணக்கிற் கிடக்க வல்லது. கரிசற் காட்டில் களை வெட்டுவோரும் பருத்தி எடுப்போரும் பெரும்பாலும் பெண்களே. மனிதக் கருவில் ஆண் ஹார்மோன் மிகுந்து சுரக்கும் காலம் ஏறத்தாழ 8-ஆம் வாரத்திற்கும் 24-ஆம் வாரத்திற்கும் இடைப்பட்டது. தாய் தன் சூலை ஊரார்க்கு உரைக்கும் முன்னரே அது தொடங்கிவிடுகின்றது.