பகல் மின்சாரமும் பம்புசெட்டும்

காத்திவாக்கத்தை ஒட்டி 1970-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம், 450 மெகாவாட் திறனுடன் நெடுங்காலம் ஓடி, 2017 மார்ச் மாதம் மூடப்பட்டது. அருகில் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் உள்ள பெரிய நிலையங்கள் இன்றும் நிலக்கரியில்தான் ஓடுகின்றன. அவற்றின் சாம்பலால் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் மீனும் இறாலும் பிடிப்போர் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. எனவே காற்றாலை, சூரிய மின்சாரம் பெருகுவது நன்றே. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு.

நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல் மின்சாரத்தைக் கம்பியில் சேர்த்து வைக்க இயலாது. உற்பத்தியான நொடியிலேயே அது செலவாக வேண்டும். நண்பகலில் மிகுதியாகக் கிடைக்கும் சூரிய மின்சாரம், வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தில் நின்றுவிடுகிறது. தேவை மிகுவதோ அப்போதுதான். கோவை மாவட்டம் கடம்பாறையில் உபரி மின்சாரத்தால் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவையானபோது இறக்கி 400 மெகாவாட் வரை பெறுகிறார்கள். இதற்கேற்ற மலை எல்லா ஊரிலும் இல்லையே!

இப்போது மின்வாகனங்களும் சேர்ந்துள்ளன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையில் 120 மின்பேருந்துகள் தொடங்கி வைக்கப்பட்டன. வண்டிகள் யாவும் மாலையில் மின்னேற்றினால் நிலக்கரியைத்தான் கூடுதலாக எரிக்க நேரும். இதனால்தான் மத்திய அரசின் 2024 வழிகாட்டு நெறிகள், மின்னேற்று நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 மணி வரை குறைந்த கட்டணத்தைப் பரிந்துரைக்கின்றன.

இதில் சிறு விவசாயிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு மின்ஸ்கூட்டரின் பாட்டரி நிரம்ப ஏறத்தாழ 3 யூனிட் போதும். 5 குதிரைத்திறன் மோட்டாரோ ஒரு மணி நேரத்திலேயே அதைவிடக் கூடுதலாக இழுக்கும். தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. ஆகவே வண்டிகளைவிட நமது பம்புசெட்டுகள் ஓடும் நேரமே முக்கியம்.

மும்முனை மின்சாரம் பகலில் கிடைக்கும் இடங்களில் 9 மணிக்கும் 4 மணிக்கும் இடையே நீர் இறைப்பது நல்லது. இரவில் வரப்பில் பாம்புக்கு அஞ்சி நடக்கவும் வேண்டாம். வெயிலில் பாய்ச்சினால் நீர் ஆவியாகுமே என்பது நியாயமான கேள்வி. வசதியுள்ளவர்கள் பகலில் தரைத்தொட்டியை நிரப்பி, மாலையில் பாய்ச்சலாம். அந்தத் தொட்டியே உங்கள் பாட்டரி.

பலர் ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர் பொருத்தியுள்ளனர். மின்சாரம் வந்தவுடன் எல்லா மோட்டார்களும் ஒருசேரக் கிளம்புவதால் மின்னழுத்தம் குறைந்து காயில் கருகுகிறது. ஒரே டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்தவர்கள் ஏரிப் பாசனம்போல் முறை வைத்துக்கொள்ள வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் பொருத்துவதும் அவசியம்.

இலவச விவசாய இணைப்பில் மின்வண்டிக்கு மின்னேற்றக் கூடாது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு வசூலிக்கப்படும். வீட்டு இணைப்பில், பகலில் ஏற்றிக்கொள்ளுங்கள். சூரிய சக்தி பம்புசெட்டு மானியம் பற்றிய விவரங்களை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் பெறலாம்.