சுகர் 200: யார் வைத்த கணக்கு?

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கதை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை நோய் என்று ஒன்று கிடையவே கிடையாதாம். மாத்திரை விற்பதற்காக மருந்துக் கம்பெனிக்காரர்கள் ‘நார்மல்’ அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்களாம். நேற்று வரை நன்றாக இருந்தவர் அதனால்தான் இன்று நோயாளி ஆனாராம். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரிக்குக் கை நீட்டும்போது இதைச் சொல்ல ஒருவராவது பக்கத்தில் இருப்பார். இதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் சில வருடங்களில் ஆறாத கால் புண்ணோடும் மங்கிய கண்ணோடும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். கதை சொன்னவர் அப்போது துணைக்கு வருவதில்லை.

கதையில் ஒரு சிட்டிகை உண்மை கலந்திருக்கிறது, அதனால்தான் எடுபடுகிறது. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழு, நோயை உறுதிசெய்யும் வெறும் வயிற்று அளவை 140 மில்லிகிராமிலிருந்து 126 ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனமும் பின்னர் அதை ஏற்றுக்கொண்டது. ஏன் குறைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், கதை சொல்பவர் பேச்சை மாற்றுவார். பதில் கிடைக்கும் இடம் அரிசோனா பாலைவனம். அங்கே கிலா நதிக்கரையில் வாழும் பீமா பழங்குடி மக்களை வாழ்நாளின் பெரும்பகுதி ஆராய்ந்த பீட்டர் பென்னெட்டைத் தெரியாமல் இந்தக் கணக்கு புரியாது.

பென்னெட் அங்கே நீரிழிவைத் தேடிப் போகவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த அந்த மருத்துவர், அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் தாமஸ் பர்ச்சோடு சேர்ந்து 1963இல் மூட்டு வாதத்தைக் கணக்கெடுக்கப் போனார். குளிர்ப் பிரதேசமான மொன்டானாவின் பிளாக்ஃபீட் மக்களையும் வெயில் கொளுத்தும் அரிசோனாவின் பீமா மக்களையும் ஒப்பிட்டால், தட்பவெப்பத்துக்கும் மூட்டு வாதத்துக்கும் தொடர்பு உண்டா என்று தெரிந்துவிடும் என்பது திட்டம். அங்கே கண்ணில் பட்டதோ சர்க்கரை. யாரும் எதிர்பார்க்காத அளவுக்குச் சர்க்கரை. 1971இல் அவரும் சகாக்களும் ‘லான்செட்’ இதழில் எழுதியபோது, 35 வயது தாண்டிய பீமா மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நீரிழிவு இருந்தது.

1965இல் தொடங்கிய தொடர் ஆய்வு 40 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சுமார் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்தார்கள். குமட்டும் தித்திப்பில் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர், இரண்டு மணி நேரக் காத்திருப்பு, பிறகு ரத்தம். கூடவே சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் சோதிப்பார்கள். நோயாளி தானாக வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் காத்திராமல், நலமாக இருப்பவரையும் சேர்த்து ஊரையே எண்ணியதுதான் இந்த வேலையின் பலம். நோயாளியை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் தெரியாது.

இனி வாட்ஸ்அப் விஞ்ஞானிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அந்த இரண்டு மணி நேர அளவுகளை வரைபடத்தில் போட்டபோது, வழக்கமான ஒற்றை மேடு வரவில்லை. இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகு போல இரண்டு மேடுகள் எழுந்தன. நடுவில் இருந்த பள்ளம் 200ஐ ஒட்டி விழுந்தது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களிடம் நீரிழிவுக்கே உரிய விழித்திரைச் சேதம் அரிது. அந்தப் பக்கம் போனவர்களிடம்தான் கண்ணும் சிறுநீரகமும் கெட்டன. கோடு எங்கே விழ வேண்டும் என்பதை அந்த மக்களின் விழித்திரைகளே காட்டின. அவற்றுக்கு மருந்துக் கம்பெனியில் பங்கு கிடையாது.

அதற்கு முன் அளவு என்னவாக இருந்தது? அமெரிக்காவில் பரவலாகப் புழங்கிய ஃபஜான்ஸ்–கான் அளவுகோலில் இரண்டு மணி நேர வரம்பு சுமார் 140. பென்னெட் குழுவின் தரவுகள் வந்த பிறகு, 1979இல் அமெரிக்காவின் தேசிய நீரிழிவுத் தரவுக் குழுவும் 1980இல் உலக சுகாதார நிறுவனமும் அதை 200 ஆக்கின. கூட்டினார்கள் ஐயா, கூட்டினார்கள்! 140க்கும் 200க்கும் இடைப்பட்டவர்களை நீரிழிவுப் பட்டியலிலிருந்தே எடுத்து, குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்தவர்கள் என்று தனியே வைத்தார்கள். ஆளைப் பிடித்து நோயாளி ஆக்கத்தான் சதி என்றால், இப்படிக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பும் சதியை வேறெங்கும் பார்க்க முடியாது. அன்று வைத்த 200 இன்றுவரை மாறவில்லை.

பிறகு 126 எங்கிருந்து வந்தது? குளுக்கோஸ் குடித்தபின் 200 தாண்டும் பலருக்கு வெறும் வயிற்றில் 140 வருவதில்லை. ஒரே ஆள் ஒரு சோதனையில் நோயாளி, இன்னொன்றில் நலமானவர் என்ற குளறுபடி இருந்தது. வெறும் வயிற்று அளவு, இரண்டு மணி நேர அளவு, மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி மூன்றுமே கண் பாதிப்பை ஏறக்குறைய ஒரே திறனோடு பிரித்துக் காட்டுகின்றன என்று அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் இருந்த பென்னெட்டின் குழு 1994இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் காட்டியது. எகிப்திலிருந்தும் அமெரிக்கப் பொது மக்களிடமிருந்தும் வந்த தரவுகளையும் சேர்த்துப் பார்த்து, 200க்கு ஈடான வெறும் வயிற்று அளவாக 126ஐ வைத்தார்கள். கோணலாக நின்ற ஒரு கோட்டை மற்றதோடு நேராக்கினார்கள், அவ்வளவுதான்.

சண்டை போட ஆசைப்படுகிறவர்களுக்கு நியாயமான இடம் ஒன்று இருக்கிறது. 2003இல் அமெரிக்கச் சங்கம் ‘முன் நீரிழிவு’க்கான வெறும் வயிற்று வரம்பை 110இலிருந்து 100 ஆக இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்காமல் 110இலேயே நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் இதைப் பற்றி வாதாடுகிறார்கள். வாட்ஸ்அப் கதையில் இது ஒரு வரி கூட வராது, படித்திருந்தால்தானே வரும்.

மாத்திரை வியாபாரக் கதைக்கு இன்னொரு அடி. பென்னெட்டின் பீனிக்ஸ் சகா வில்லியம் நோலர் முதல் ஆசிரியராக இருந்து 2002இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில் 3,234 பேர் இருந்தார்கள். உணவும் உடற்பயிற்சியும் மாறியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31. நடை மாத்திரையை வென்றது என்று ஊரறியச் சொன்னவர்கள் இவர்கள்தான். சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் செய்த ஆய்வில் (2006) இரண்டும் கிட்டத்தட்ட சமம்: 28.5, 26.4. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை. மெட்ஃபார்மினோ 1957இல் பிரான்சில் புழக்கத்துக்கு வந்த மருந்து. நம் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது.

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிக இடம் தேவையில்லை. பணக்காரர் நோயா? பீமா மக்கள் ஏழைகள். சின்னப் பிள்ளைக்கு இரண்டாம் வகை நீரிழிவு வராதா? பீமா சிறுவர்களிடம் அதைக் கண்டு 1979லேயே எழுதிவிட்டார்கள். அரிசியை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் சரியாகிவிடுமா? ஆறு சப்பாத்தி சாப்பிட்டால் ஆகாது.

‘பரம்பரை வியாதி, தலையெழுத்து’ என்பதை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது, ஏனென்றால் அறிஞர்களும் கொஞ்ச காலம் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பஞ்சத்துக்குப் பழகிய சிக்கன மரபணு என்று ஜேம்ஸ் நீல் 1962இல் முன்வைத்த கருதுகோளுக்குப் பீமா மக்களையே உதாரணமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் மைகோபா மலையூரில் அவர்களுக்கு மரபணு நெருக்கமுள்ள பீமா மக்கள் உடல் நோக உழைத்து வாழ்கிறார்கள். 2006இல் வெளியான ஒப்பீட்டில் அமெரிக்கப் பீமா மக்களிடம் நீரிழிவு 38 சதவீதம், மைகோபாவில் 6.9. கிலா நதி நீரை ஆற்றின் மேல்பகுதியில் குடியேறிய வெள்ளையர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே திருப்பிக்கொண்டார்கள். பாசன விவசாயிகளாக இருந்தவர்களுக்கு வயல் காய்ந்து, அரசு கொடுத்த மைதாவையும் பன்றிக் கொழுப்பையும் சர்க்கரையையும் தின்று வாழ நேர்ந்தது. அந்த நீர் உரிமையை 2004ஆம் ஆண்டுச் சட்டம்தான் தீர்த்துவைத்தது. உலகம் முழுதும் நோயை அளக்கும் கோல் அந்த மக்களின் ரத்தத்திலிருந்து வந்தது. நோய் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. ஆராய்ச்சியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பென்னெட் குழுவின் கண்டுபிடிப்புகளில் நம் ஊருக்கு மிக அவசரமானது வேறு. கர்ப்பத்தின்போது நீரிழிவு இருந்த பீமா தாய்மாரின் பிள்ளைகளில் 45 சதவீதத்தினருக்கு 20–24 வயதிலேயே நீரிழிவு இருந்தது. தாய்க்கு நோயே இல்லையென்றால் 1.4 சதவீதம். பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு நோய் வந்திருந்தால் 8.6. மரபணு மட்டுமே காரணம் என்றால் முதல் எண்ணும் கடைசி எண்ணும் இவ்வளவு விலகி நிற்காது. கருப்பையில் பாய்ந்த சர்க்கரைக்கும் இதில் பங்கு உண்டு.

சென்னை மருத்துவர் வி. சேஷையா இதைத்தான் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். 2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஆரம்ப சுகாதார நிலைய பெஞ்சில், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த டம்ளரை மடக்கு மடக்காகக் குடித்து முடிக்கிறார்கள். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த சர்க்கரையைப் பிரசவம் ஆனதும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆறாவது வாரம் மறுபடி சோதிக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. தாய்க்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கி அவரை யார் அழைத்து வருவார்கள்? அதே ஆறாவது வாரம் குழந்தைக்குப் பென்டாவேலன்ட் முதல் ஊசி. அதற்குத் தவறாமல் வருகிறார்கள். தடுப்பூசி நாளன்றே தாய்க்கும் குளுக்கோஸ் கொடுத்து ரத்தம் எடுக்கலாம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லி முதல் நாளே கிராம சுகாதார செவிலியர் ஒரு போன் செய்தால் போதும்.