நாலடித் தண்ணீர் போதும்

மீன் வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பெண்கள் முதலில் கேட்பது, "எத்தன ஏக்கர் வேணும்க்கா?" என்பதுதான். கல்லூரி முடித்த பிள்ளைகள் கேட்பது வேறு: "பயோஃபிளாக் தொட்டி எத்தன போடணும்?" இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றே. பத்து சென்ட் போதும், நாலடித் தண்ணீர் போதும். முதல் வருடம் மீன் விற்க நினைக்காதீர்கள், குஞ்சு விற்கப் பாருங்கள்.

பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் சுய உதவிக் குழுப் பெண்களோடு சேர்ந்து மீன்குஞ்சு வளர்த்து வருகிறவள் நான். இந்தத் தொழிலுக்குள் பெண்களும் இளைஞர்களும் வரவேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எந்த வாசல் வழியாக வருவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. எங்கள் பக்கத்துக்கு அந்த வாசல் குஞ்சு வளர்ப்பு என்பது என் உறுதியான எண்ணம். அதற்குக் காரணம் நம் குளங்களே.

தாமிரபரணி வற்றாத ஆறு. ஆனால் அதன் கால்வாய்களிலும் மழையிலும் நிறைகிற குளங்கள் அப்படியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகுகிற குளம், பிசான நெல் அறுவடை முடிந்து பங்குனி, சித்திரை வரும்போது தரை தெரிய வற்றிவிடும். மீனுக்குக் கிடைப்பது ஐந்தாறு மாதம். அந்தக் குளத்தில் ஓர் அங்குலக் குஞ்சை விட்டால் பாதி விரால் வாயிலும் கொக்கு வாயிலும் போகும். மிச்சம் வளர்வதற்குள் தண்ணீர் போய்விடும். நாலு அங்குல விரலிக் குஞ்சாக விட்டால் அதே ஐந்தாறு மாதத்தில் அரைக் கிலோவை நெருங்கும். மீன்பாசி, அதாவது குளத்தில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் எடுத்தவர்கள் ஐப்பசியில் தேடி அலைவது இந்த விரலிக் குஞ்சுக்குத்தான்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடநாட்டு ஆற்று மீன்கள். மழைக்காலத்தில் முட்டையிடும், தேங்கிய குளத்தில் தானாக முட்டையிடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு இந்தப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இன்றைக்கும் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். மணிமுத்தாறு அரசு மீன்பண்ணை போன்ற இடங்களில் நமக்குக் குஞ்சு கிடைப்பது அந்த ஊசி முறையால்தான். ஆனி, ஆடியில் நுண்குஞ்சோ இளங்குஞ்சோ வாங்கினால் ஐப்பசி, கார்த்திகையில் விரலிக் குஞ்சு தயார். குளம் நிறைவதும் அதே சமயம். கையில் கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு தொடங்குகிற பெண்ணுக்கு மூன்று, நான்கு மாதத்தில் போட்டது திரும்பி வருவது பெரிய காரியம். பெரிய மீனுக்குக் காத்திருக்க எல்லாராலும் முடியாது.

கணக்கைச் சொல்கிறேன். பத்து சென்ட் என்பது ஏறக்குறைய 400 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 20 முதல் 30 இளங்குஞ்சு விடலாம். 10,000 விட்டால், கவனமாகப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 6,000 முதல் 7,000 வரை விரலியாகக் கிடைக்கும். ஏக்கருக்கு 3,000 முதல் 4,000 குஞ்சு விடுகிற குளத்துக்காரருக்கு, உங்கள் பத்து சென்ட் இரண்டு ஏக்கர் குளத்தை நிரப்பிக் கொடுக்கும்.

கவனம் என்பது குஞ்சு வருவதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. குளம் வெடிப்பு விழக் காயவேண்டும். காயப்போட வழியில்லை என்றால் இலுப்பைப் பிண்ணாக்கு, பத்து சென்ட்டுக்கு மீட்டர் ஆழத் தண்ணீரில் 100 கிலோ. அது உள்ளே இருக்கிற கெளுத்தியையும் விராலையும் கொன்றுவிடும்; விஷம் முறிய மூன்று வாரம் பொறுக்கவேண்டும்; பிறகு அதுவே உரம். மண்ணைப் பார்த்து 10 கிலோ அளவுக்குச் சுண்ணாம்பு, பின்னால் 200 கிலோ மாட்டுச் சாணம். தண்ணீர் இளம்பச்சையாகத் திரும்பினால் குஞ்சுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் வந்துவிட்டன என்று அர்த்தம். குஞ்சுப் பையை அப்படியே கொட்டிவிடாமல் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்துத் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, அதன் பிறகு வெளியே நீந்தவிட வேண்டும்.

தீவனம் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சரிபாதி. தட்டில் வைத்துக் கயிற்றில் இறக்குங்கள். மறுவேளை தட்டைத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தால் குறையுங்கள். தூக்கி எறிந்துவிட்டுப் போனால் எவ்வளவு தின்றது என்றே தெரியாது. மிஞ்சியது அடியில் அழுகும். விடியற்காலையில் ஒருமுறை கரைக்குப் போவது கட்டாயம். இரவெல்லாம் பாசி மூச்சை இழுத்துக்கொள்வதால் சூரியன் வருவதற்கு முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்றைக்குத் தீவனமும் சாணமும் கிடையாது. உடனே புதுத் தண்ணீர் பாய்ச்சவேண்டும். இந்த வேலைகளில் எதற்கும் ஆண்பலம் தேவையில்லை, தினமும் பார்க்கிற கண் போதும். ஆழமும் நாலடிக்குள் என்பதால் நீச்சல் தெரியாத பெண்ணும் இறங்கி வலை பிடிக்கலாம்.

இறங்குவது என்று சொன்னேன். அதில் யாரும் பேசாத ஒரு சங்கதி இருக்கிறது. நனைந்த துணியோடு ஊர் வழியாக வீட்டுக்கு நடக்க எந்தப் பெண்ணுக்கும் மனது வராது. பல பேர் இரண்டாம் வருடம் விலகிப்போவதற்கு நஷ்டம் காரணமில்லை, இதுதான் காரணம். குளக்கரையில் ஓலையோ தகரமோ கட்டி உடை மாற்ற ஒரு மறைப்பும், பக்கத்தில் கழிப்பறையும் இருக்கவேண்டும். பெண்களுக்கான பயிற்சி நடத்துகிறவர்கள் குஞ்சு கொடுப்பதற்கு முன்னால் இதைக் கட்டிக் கொடுக்கட்டும்.

அடுத்தது பெயர். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவு ஆண்களுக்கு அலகுச் செலவில் 40 சதவீதம் மானியம் என்று அறிவித்தார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். புதிதாகக் குளம் வெட்ட ஹெக்டேருக்கு 7 லட்சம் என்று கணக்கு வைத்தார்கள். ஏக்கருக்கு 2.8 லட்சம், அதில் பெண்ணுக்கு 1.68 லட்சம். இதைக் கேட்டவுடன் வீட்டு ஆண்களே மனைவி பெயரில் விண்ணப்பம் எழுதிக்கொண்டு வருகிறார்கள். குளம் வெட்டி முடிந்ததும் அவள் கையெழுத்தோடு அவள் பங்கு முடிந்துவிடுகிறது. "அவிய பேர்லதான நெலம் கெடக்கு. எனக்கு என்னத்தத் தெரியும் மதினி?" என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள். அவள் பிண்ணாக்கு விலையைக் காசு சுத்தமாகச் சொல்லுவாள், எந்தக் குஞ்சு கட்லா, எது ரோகு என்று அங்குல அளவிலேயே பிரித்துக் கொடுப்பாள்.

ஆகவே நான் சொல்வது: நிலம் உங்கள் பெயரில் இல்லை என்றால் பதிவு செய்த குத்தகைப் பத்திரம் உங்கள் பெயரில் வேண்டும். வங்கிக் கணக்கு உங்களுடையது, புத்தகமும் உங்கள் அலமாரியில். குஞ்சு வாங்க வருகிறவர் உங்களிடம் விலை பேசவேண்டும், அவர் "வீட்ல ஆம்பள இல்லையா?" என்று கேட்டால், விலை சொல்கிறவள் நான்தான் என்று நீங்களே சொல்லுங்கள். இன்னொன்று, இது பின்னேற்பு மானியம். முதலில் நாம் செலவழித்து, அதிகாரிகள் வந்து பார்த்த பிறகே பணம் வரும். நகையை வைத்து இறங்கிவிட்டு மானியத்துக்கு நாள் எண்ணுவது வேண்டாம். 2018-19இலிருந்து மீன் வளர்ப்போருக்கும் கிசான் கடன் அட்டை உண்டு. அதை முதலில் கேளுங்கள்.

இளைஞர்களுக்குக் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லவேண்டும். தொட்டியில் நெருக்கமாக மீன் வளர்க்கிற பயோஃபிளாக் கெட்ட தொழில்நுட்பம் இல்லை. ஆனால் காற்று இயந்திரம் நிற்கக்கூடாத தொழில்நுட்பம். நெருக்கமாக மீன் நிற்கிற தொட்டியில் கரண்ட் போய், மாற்று ஏற்பாடும் இல்லை என்றால், ஓர் இரவு போதும். யூடியூப் பார்த்து ஏழு தொட்டி போடுவதற்கு முன்னால் ஒரு பருவம் மண்குளத்தில் நில்லுங்கள். தண்ணீரின் நிறத்தையும் வாசனையையும் மண்குளம்தான் கற்றுக்கொடுக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு வழி: தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம் இருக்கும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வெளியே வாழ்க்கை இல்லை என்று நினைக்கிற பெற்றோர் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்கவேண்டும்.

ஆராய்ச்சிக்கும் தூரம் போகவேண்டியதில்லை. நம் தூய சவேரியார் கல்லூரியில் மீன்வளர்ப்பு ஆராய்ச்சிக்கும் விரிவாக்கத்துக்கும் ஒரு மையம் அமைத்து, விராலை ஊசி முறையில் முட்டையிட வைக்கிற ஆய்வுகளைப் பேராசிரியர் எம்.ஏ.ஹனீபாவும் மாணவர்களும் செய்தார்கள். 2000ஆம் ஆண்டிலேயே அது ஆய்விதழில் வந்தது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு உலகம் படிக்கிற வேலை செய்யலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

விரால் உயிரோடு விற்கிற மீன், நல்ல விலை. ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. ஒன்றையொன்று தின்னும், அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே இருக்கவேண்டும், தீவனச் செலவும் கூடுதல். குஞ்சு வளர்ப்பில் கை பழகியவர்கள் பிறகு போகலாம். குளத்தில் விரால் குஞ்சுகள் செந்நிறமாகக் கூட்டங்கூட்டமாக மேலே வரும்போது தாய் தகப்பன் காவல் சுற்றும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டுப் பிடிப்பதை நம் பையன்கள் விட்டுவிடவேண்டும். காவல் போனால் அந்தக் கூட்டம் முழுவதும் போச்சு.

நீடித்த மீன்வளர்ப்பு என்பதை நான் இப்படிச் சின்னச் சின்னக் கட்டுப்பாடுகளாகத்தான் புரிந்துகொள்கிறேன். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்டது. எவ்வளவு சீக்கிரம் வளர்ந்தாலும் வேண்டாம். அது ஒருமுறை ஆற்றில் இறங்கினால் அயிரையையும் நாட்டுக் கெளுத்தியையும் திரும்பக் கொண்டுவர ஆளில்லை. கூந்தன்குளம் சரணாலயத்துக்கு வருகிற பறவைகள் நம் குளத்துக்கும் வரும். அவற்றுக்கு விஷம் வைக்காதீர்கள், நாற்றங்கால் குளத்தின் மேல் நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும் கட்டினால் போதும். குளத்து அடித்தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிடாமல் வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் ஆறு கரை மீறியபோது இந்த வட்டாரத்தில் எத்தனையோ குளங்களின் கரை உடைந்தது, மீனும் போனது. அதன் பிறகு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். விரலி தயாரான உடனே பாதியை ஐப்பசிக்குள் விற்றுவிடுவது, மிச்சத்தைக் கார்த்திகை தாண்ட விடாமல் விற்பது, மடையிலும் வழிந்தோடியிலும் மழைக்கு முன்னாலேயே வலை அடித்துவைப்பது. விற்பதற்கு முந்தின நாள் தீவனத்தை நிறுத்தி ஹாப்பா என்கிற பெட்டி வலையில் நெருக்கமாக நிறுத்திவைத்தால் குஞ்சு பயணத்தைத் தாங்கும்.

வருகிற ஆடியில் குஞ்சு விட நினைக்கிறவர்கள் வைகாசியிலேயே குளத்தைக் காயப்போடுங்கள். திருநெல்வேலி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த ஆண்டு என்ன திட்டம் இருக்கிறது என்று கேட்டு, மணிமுத்தாறில் குஞ்சுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போகும்போது தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள்; குஞ்சு வண்டி வாடகையும் பகிர்ந்துகொள்ளலாம்.