வார்டில் வேலை பார்க்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

கடிதம் கிடைத்தது. பாலியேட்டிவ் வார்டுக்குப் போனதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, வீட்டுக்கு வந்தாலும் போன வாரம் இறந்த பெரியவரின் முகமே கண்ணில் நிற்கிறது, மனசைக் கல்லாக்கிக்கொண்டால்தான் இந்த வேலையில் நிலைக்க முடியும் போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சீனியர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதே.

இரக்கம் கூடிப்போனதால்தான் இந்தக் கஷ்டம் என்று நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மத்தியூ ரிக்கார் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மரபணு ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர், பிறகு திபெத்திய பௌத்தத் துறவியானார். 2007-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் அவரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, தானியா சிங்கர் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். கருணைத் தியானம் வேண்டாம், பிறர் துயரத்தை அப்படியே வாங்கி அனுபவித்தால் போதும் என்றார். ஆவணப்படம் ஒன்றில் பார்த்த ருமேனிய அனாதை இல்லக் குழந்தைகளை ரிக்கார் மனதில் கொண்டுவந்தார். எத்தனையோ வருடம் தியானத்தில் ஊறிய மனிதர், அதற்கே ஓய்ந்துபோனார். பிறகு கருணைத் தியானத்துக்கு மாறினார். அதே குழந்தைகள்தான், ஆனால் கிட்டே போய் அவர்களை அணைத்துக்கொள்ளத் தோன்றியது, அசதியும் விலகியது. சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் சாதாரணப் பெண்களுக்கு இரண்டு விதப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்து 2014-இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரிந்தது. துயரத்தை உள்வாங்கும் பயிற்சி அவர்களை வாட்டியது, கருணைப் பயிற்சி அந்த வாட்டத்தைத் தணித்தது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறு வேறு.

துக்கமும் கருணையும் வேறு வேறு என்பதைப் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் ஐந்தாம் நூற்றாண்டிலேயே, அனுராதபுரத்தில் இருந்து எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் சொல்லிவிட்டார். கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை, பக்கத்துப் பகை துக்கம் என்கிறார். துக்கம் பார்ப்பதற்குக் கருணை மாதிரியே இருப்பதால் நாம் ஏமாந்துவிடுகிறோம். கல்லாக்கிக்கொள்வதற்கும் அதே பட்டியலில் இடம் இருக்கிறது: சமநிலைக்குப் பக்கத்துப் பகை அலட்சியமாம். ஆக, உன் சீனியர்கள் காட்டும் வழி ஒரு பகையிடமிருந்து தப்பி இன்னொரு பகையின் வீட்டில் போய்த் தங்குவது.

அந்த நூலில் உனக்கென்றே எழுதிய மாதிரி ஓர் இடம் உண்டு. இறந்தவரை வைத்து மெத்தா தியானம், அதாவது அன்புத் தியானம், செய்யாதே என்கிறது. இளம் பிக்கு ஒருவர் தன் ஆசிரியரை நினைத்துத் தியானம் செய்கிறார், கைகூடவே இல்லை. விசாரித்தால் ஆசிரியர் இறந்துவிட்டார். உயிரோடிருக்கும் வேறொருவரை நினைத்ததும் கைகூடிவிடுகிறது. பெரியவரை மறந்துவிடு என்று நான் சொல்லவில்லை. அவருக்காக அழு, அது வேறு. ஆனால் கருணைக்கு வேலை இருப்பது இன்றைக்குப் பெட்டில் படுத்திருப்பவரிடம்.

ஒரு பெட்டிலிருந்து அடுத்த பெட்டுக்குப் போகும்போது கையில் சானிடைசர் தேய்ப்பாயே, இருபது முப்பது விநாடி, கருணையைப் பழக அது போதும். பாதம் தரையில் இருப்பது தெரிகிறதா, நெஞ்சு இறுகியிருக்கிறதா, பார். இறுகியிருந்தால் இருக்கட்டும், தள்ளாதே. பிறகு எதிரில் இருப்பவரைப் பார்த்து, இவருக்கு வலி குறையட்டும் என்று மனசுக்குள் சொல்லு. அடுத்து கையால் ஏதாவது செய்: தலையணையைச் சரிசெய், உலர்ந்த உதட்டை நனைத்துவிடு. உனக்கும் அதே வார்த்தையைச் சொல்லிக்கொள். மெத்தாவைத் தன்னிடமிருந்து தொடங்கச் சொன்னவரும் புத்தகோசர்தான்.

ஜான் கபட்-ஜின் என்பவர் 1979-இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நாள்பட்ட வலியோடு இருந்தவர்களுக்காகத் தொடங்கிய தியான வகுப்பு நல்ல காரியம். அது கம்பெனிகளுக்கும் செல்போன் ஆப்களுக்கும் போன வழியில் கருணை பாதியில் இறங்கிக்கொண்டது என்பது என் எண்ணம். உங்கள் ஆஸ்பத்திரியும் நாளைக்கு நர்ஸ்களுக்குத் தியான வகுப்பு வைக்கலாம். போ, ஆனால் ராத்திரி டியூட்டிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று எல்லோருமாக எழுதிக் கொடுப்பதை அதற்காக விட்டுவிடாதே. சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரம் தாண்டியும் சரியாகாவிட்டால் ஒரு மனநல டாக்டரைப் பார். கூட வர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா