டிராக்டர் காப்புச் சட்டகம்: கணக்கும் பரீட்சையும்

வரப்பேறும்போதோ, வாய்க்காற் கரையோரம் திரும்பும்போதோ டிராக்டர் கவிழுமாயின், ஓட்டுபவர் அதனடியில் நசுங்கி மாண்டுபோவதுண்டு. இவ்வபாயத்தைத் தடுக்கும்பொருட்டு ஆசனத்தின் பின்புறத்திலோ, அதைச் சூழ்ந்தோ நிறுத்தப்படும் எஃகு வளைவுக்குக் காப்புச் சட்டகம் என்று பெயர். சுவீடன் தேசத்தில் 1959-ஆம் வருஷத்தில் புது டிராக்டர்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் வேறு பல தேசங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

சட்டகம் சிறிதும் வளையலாகாதென்று பலர் எண்ணுவர். அஃது சரியன்று. கவிழும் வண்டியின் வேகத்தைச் சட்டகம் வளைந்துதான் வாங்கிக்கொள்ளவேண்டும். ஆயினும் ஓட்டுபவருக்கென ஒதுக்கிய இடத்தினுள் அது நுழையலாகாது. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி ஸ்தாபனத்தின் 4-ஆவது விதித் தொகுதியின்படி, பரீட்சைக்குக் கொள்ளும் எடையில் கிலோ ஒன்றுக்குப் பின்புறத்திலிருந்து தள்ளுகையில் 1.4 ஜூலும், பக்கத்திலிருந்து தள்ளுகையில் 1.75 ஜூலும் சட்டகம் ஏற்கவேண்டும். மேலிருந்து அமுக்கும் விசை கிலோவுக்கு 20 நியூட்டன். அதாவது ஏறத்தாழ வண்டியின் எடையைப்போல் இருமடங்கு.

நேர்ப் பரீட்சையில் டிராக்டரின் அடிச்சட்டத்தைத் தரையோடு பிணைத்து, எண்ணெய் அழுத்த உருளையால் சட்டகத்தை மெதுவாகத் தள்ளி, விசையையும் வளைவையும் படிப்படியாகக் குறித்துவருவர். சட்டகம் அத்துடன் பாழாகிவிடும். கணினியிலோ, சட்டகத்தை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பாவித்து ஒவ்வொன்றின் நிலையையும் கணக்கிடுவர். இரும்பை அறுக்குமுன்பே பல வடிவங்களைச் சோதித்துவிடலாமென்பது இதன் பெருநன்மை.

ஆனால் இவ்விரண்டின் முடிவும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. முக்கிய காரணம் எஃகே. கணக்கில் பெரும்பாலும் எஃகுக்கு உத்தரவாதமளிக்கப்பட்ட குறைந்தபட்ச பலத்தையே எடுத்துக்கொள்வர்; ஆலையிலிருந்து வரும் எஃகு அதனினும் பலமாயிருப்பது சகஜம். 2,000 கிலோ டிராக்டருக்குப் பக்கத் தள்ளலில் ஏற்கவேண்டியது 3,500 ஜூல். சட்டகம் சராசரியாக 25,000 நியூட்டன் எதிர்க்குமென்று கொண்டால் அது 14 சென்டிமீட்டர் வளையும். மெய்யான எஃகு 35,000 நியூட்டன் எதிர்க்குமாயின் 10 சென்டிமீட்டர்தான் வளையும். நல்லதுதானே எனத் தோன்றும். ஆனால் அடியிலுள்ள போல்ட்டுகளும் பற்றவைப்புகளும் கணக்கில் கண்டதைவிட 40 சதவிகிதம் அதிக விசையைத் தாங்கவேண்டியதாகும். சட்டகம் நிற்க, போல்ட்டு அறுந்துபோகும். பலமான எஃகே அபாயமாவது இவ்விதமே.

அன்றியும், போல்ட்டுத் துளையில் உண்டாகும் நழுவலையும் அடித்தாங்கியின் இளக்கத்தையும் கணினிக்குச் சொல்லாவிட்டால், அது மூட்டை அசைவற்றதாகக் கருதி வளைவைக் குறைத்துக் காட்டும். எஃகை மெலிதென்று கொண்ட பிழை வளைவைக் கூட்டும், இப்பிழை குறைக்கும். இரண்டும் சேர்ந்து கடைசி அளவு பரீட்சையுடன் பொருந்திவிடுவதுமுண்டு. கிராமக் கணக்கில் வரவிலொரு பிழையும் செலவிலொரு பிழையுமாக இருப்பு மட்டும் நேர்பட்டால், தணிக்கை செய்பவர் அதை ஒப்புவாரோ? ஆதலால் இறுதி வளைவை மாத்திரமன்றி, தொடக்கம் முதல் முடிவுவரை விசை ஏறிய விதத்தையும், எந்த இடம் முதலில் மடங்கியதென்பதையும் ஒப்பிடவேண்டும். பரீட்சைக்கு எடுத்த அதே எஃகின் துண்டை இழுத்துப் பார்த்து, அதன் பலத்தைக் கணக்கிலிட்டு மறுபடி ஒப்பிடுவதே முறை.

மிராசுதாரர்கள் இதிலிருந்து அறியவேண்டியவை சில உண்டு. உள்ளூர்ப் பட்டறையில் கையிலுள்ள குழாயைக் கொண்டு செய்த சட்டகத்துக்குக் கணக்குமில்லை, பரீட்சையுமில்லை. பரீட்சை பெற்ற சட்டகத்திலும் விளக்கு மாட்டவோ, நிழற்கூரை கட்டவோ துளையிட்டாலும் பற்றவைத்தாலும் அது பரீட்சிக்கப்பட்ட சட்டகமாகாது. ஒருமுறை கவிழ்ந்து வளைந்ததை நிமிர்த்தி மாட்டலாகாது, மாற்றவேண்டும். ஆசன வார் அணியாதவர் ஒதுக்கிய இடத்தைவிட்டு வெளியே எறியப்படுவாராகையால், சட்டகம் அவருக்குப் பயன்படாது. போல்ட்டு மாற்றுகையில் பருமன் மட்டும் பார்த்தல் போதாது; தலையில் 8.8, 10.9 எனப் பொறித்துள்ள எண்ணும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.