ஆற்றங்கரையில் கூடம் கட்டப் போகும் பிள்ளைகளுக்கு

திருநெல்வேலியில், தாமிரபரணிக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு சமுதாயக் கூடத்துக்கு வரைபடம் போடும் வேலை உங்களுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சில சொற்கள்.

1. முதல் கோடு வெள்ளக் கோடாக இருக்கட்டும். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஆறு ஊருக்குள் வந்தது. எந்தச் சுவரில் எந்த உயரம் வரை தண்ணீர் நின்றது என்று கரையோரத்து வீடுகளில் கேளுங்கள். கை வைத்தே காட்டுவார்கள். நீர்வளத் துறைப் பதிவோடு ஒத்துப்பாருங்கள். சர்வே கல்லைத் தேடிக் கண்டுபிடியுங்கள். ஆற்றுப் புறம்போக்கில் ஓர் அடிகூட ஏறக் கூடாது.

2. குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போய்வாருங்கள். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் கோயில் அது. நீரோட்டம் வந்து மோதும் பக்கம் படகின் முனைபோல் கூராக இருக்கும். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போய்விடும். வெள்ளம் வரும் என்றால் உற்சவரையும் உண்டியலையும் கரைமேல் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூஜை தொடங்கும். உங்கள் கூடத்துக்கும் இதுதான் வழி. கீழ்த்தளத்தில் தூணும் கல்தரையும் மட்டும் போதும். தூண் வரிசை நீரோட்டத்தின் திசையிலேயே ஓடட்டும். குறுக்குச் சுவர் வேண்டாம். தரை வாட்டம் ஆற்றுப் பக்கம் இருந்தால் சேறு கழுவ எளிது. நூலகம், சமையலறை, சுவிட்ச் போர்டு, ஜெனரேட்டர் எல்லாம் வெள்ளக் கோட்டுக்கு மேலே. மழைக்காலத்தில் அந்த மேல்தளமே அக்கம்பக்கத்தாருக்குப் புகலிடம் ஆகும். அதற்குத் தெருப் பக்கமிருந்து தனிப் படி வையுங்கள்.

3. தெருவிலிருந்து படித்துறைக்குப் போகும் பழைய வழியைக் கட்டடத்தின் நடுவே விடுங்கள். விடியுமுன் துணி வாளியோடு வருகிற பெண்ணும், ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டமும் யாரிடமும் கேட்காமல் அதன் வழியே போக வேண்டும். காம்பவுண்டு சுவரும் கேட்டும் போட்டால் அந்த இடம் ஊரிலிருந்து அறுந்துவிடும். பெரியவர்கள் இறங்கிப் போகக் கைப்பிடியோடு சாய்தளம் கட்டாயம்.

4. ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கும் பெண்கள் உடை மாற்ற, மறைப்பும் வெளிச்சமும் உள்ள அறை கொடுங்கள். பெரும்பாலான வரைபடங்களில் இதைக் காணோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

5. கழிவுநீர் ஒரு சொட்டுகூட ஆற்றுக்குப் போகக் கூடாது. செப்டிக் டேங்கைக் கரையோரம் புதைக்காதீர்கள். தெருப் பக்கம், பாதாளச் சாக்கடையோடு இணையுங்கள்.

6. கரையில் மருதமரம் நின்றால் கட்டடம் விலகிக்கொள்ளட்டும்.

இவற்றில் செலவைக் காட்டி முதலில் வெட்டச் சொல்வது மூன்றாவதையும் நான்காவதையும்தான். அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். படித்துறை வழியை அடைக்கும் வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.